பணம் வரும் வழியில் நிற்பவர்கள்

1877இல் இந்திய அஞ்சல் துறை ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. விற்பவர் பார்சலை அஞ்சலகத்தில் ஒப்படைப்பார். தபால்காரர் அதை வாங்குபவரின் வீட்டு வாசலுக்கே கொண்டுபோவார். குறித்த தொகையை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகுதான் பார்சலைக் கையில் கொடுப்பார். அந்தத் தொகை விற்றவரின் ஊருக்கு வந்து சேரும். வி.பி.பி. என்று நம் பாட்டன்மார் சொன்னது இதைத்தான். 1880இல் மணியார்டரும் அஞ்சலகத்துக்கு வந்தபோது, ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேருக்கிடையே வியாபாரம் நடக்க வழி முழுமையாகத் திறந்தது.

தொலைவில் இருப்பவரோடு வியாபாரம் என்றாலே முதலில் எழும் சிக்கல் ஒன்றுதான்: சரக்கு முதலா, பணம் முதலா? வாங்குபவர் பணத்தை முதலில் அனுப்பினால் சரக்கு வருமா என்ற பயம் அவருக்கு. விற்பவர் சரக்கை முதலில் அனுப்பினால் பணம் வருமா என்ற பயம் இவருக்கு. நடுவில் இருவரும் நம்பும் மூன்றாவது ஆள் ஒருவர் நின்றால்தான் வியாபாரம் நகரும். அந்த மூன்றாவது ஆளாக, காக்கிச் சட்டையும் தோல்பையுமாக, அரசாங்கமே தெருவில் இறங்கி நடந்தது.

தமிழ்நாட்டின் அச்சுத் தொழிலும் மருந்து வியாபாரமும் இந்த வழியில் வளர்ந்தவை. லேகியம், தைலம், பஞ்சாங்கம், துப்பறியும் நாவல் என்று பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் விளம்பரம் கொடுத்து வி.பி.பி.யில் அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன் விளம்பர முகவராகவும் அஞ்சல்வழி வியாபாரியாகவும் இருந்தவர். கடைவீதியில் கடை பிடிக்க முதல் இல்லாத ஒருவர், ஒரு விளம்பரத்தையும் ஒரு அஞ்சலகத்தையும் நம்பி மாகாணம் முழுவதற்கும் விற்கலாம் என்ற நிலையை அந்த முறை உண்டாக்கியது. இன்று வாட்ஸாப்பில் படம் போட்டுச் சுங்குடிச் சேலை விற்கும் சின்னாளப்பட்டிக்காரரும், இன்ஸ்டாகிராமில் கருப்பட்டி விற்கும் உடன்குடிக்காரரும் அந்த மரபின் வாரிசுகள்.

அந்த வாரிசுகள் இன்று கேட்கும் கேள்வி, ஆன்லைனில் பணம் வாங்க எதை வைத்துக்கொள்வது என்பது. ஜிபே எண் போதுமா? கியூஆர் அட்டை எந்த நிறுவனத்துடையது? பேமெண்ட் கேட்வே வேண்டுமா, கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கலாமா? கேட்பவர்களும் பதில் சொல்பவர்களும் பெரும்பாலும் கமிஷன் எத்தனை சதவீதம் என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கமிஷன் முக்கியம்தான். ஆனால் நூற்றைம்பது ஆண்டுக் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், சிறு வியாபாரிகள் கமிஷன் கட்டி நொடித்ததைவிட வேறு காரணங்களால் நொடித்ததே அதிகமாகத் தெரிகிறது. நடுவில் நிற்பவர் யார், நம் பணம் அவர் கையில் எத்தனை நாள் தங்குகிறது, தகராறு வந்தால் நட்டம் யார் தலையில் விழும், அந்த வழி அடைபட்டால் வேறு வழி இருக்கிறதா என்பவையே அந்தக் காரணங்கள். இவற்றைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவை வெறும் இரண்டு சதவீதக் கணக்காகச் சுருக்கிவிடுகிறோம் என்பது என் கவலை.

கதையை இன்னும் பின்னோக்கிப் பார்த்தால், அஞ்சலகத்துக்கு முந்தைய நடு ஆள் உண்டி என்ற பணமுறி. செட்டிநாட்டிலிருந்து ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்), ரொக்கத்தைக் கப்பலில் ஏற்றாமல் ஒரு துண்டுக் காகிதத்தால் கடல் கடத்தினார்கள். பார்த்த உடனே பணம் கொடுக்க வேண்டிய தரிசன உண்டி, குறித்த கெடு கழிந்தபின் கொடுக்க வேண்டிய தவணை உண்டி என்று அதில் வகைகள் உண்டு. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவுசெய்தார்கள். 1881இல் பிரிட்டிஷ் அரசு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தை இயற்றியபோதுகூட, இந்திய மொழிகளில் எழுதப்பட்ட உண்டிகளுக்கு அந்தந்த இடத்து வழக்கத்தையே விட்டுவைத்தது. அவ்வளவு உறுதியாக வேரூன்றிய முறை அது.

அந்த உறுதி எங்கிருந்து வந்தது? நகரத்தார் பலர் சேர்ந்து தொழில் நடத்திய கிட்டங்கியில், பக்கத்துப் பணப்பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பவர் உறவினர், அல்லது ஒரே கோயில் பிரிவைச் சேர்ந்தவர். உண்டியை மறுத்தால் ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். சட்டத்தைவிட அது வலுவான பிணை. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவருக்கு இந்த வழியில் இடமில்லை. திருச்செந்தூர் பக்கத்துப் பனையேறியோ, காஞ்சிபுரத்தில் கூலிக்கு நெய்தவரோ உண்டி எழுத முடியாது. அஞ்சலகம் செய்த பெரிய காரியம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. யார் வந்தாலும் அதே படிவம், அதே கட்டணம், அதே ரசீது. மணியார்டருக்கு 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன் என்ற விகிதம் நெடுங்காலம் இருந்தது. அதாவது 5 சதவீதம். இன்றைய கணக்கில் அது கொள்ளை போலத் தோன்றும். மக்கள் அதைக் கட்டினார்கள், ஏனென்றால் பணம் போய்ச் சேரும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. சேராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெரிந்திருந்தது.

வி.பி.பி.யின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பார்சல் வரும்போது வாங்குபவர் மனம் மாறி வேண்டாம் என்று திருப்பிவிட்டால், போக வரத் தபால் செலவு விற்றவர் தலையில். 2010இல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்தபோது உண்மையில் நடந்தது, 1877இன் தபால்காரர் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்ததுதான். கூடவே அந்தப் பழைய பலவீனமும் வந்தது. இன்று சிறு விற்பனையாளர்களிடம் பேசினால் அவர்கள் அதிகம் புலம்புவது கேட்வே கமிஷனைப் பற்றியல்ல, ‘ரிட்டர்ன்’ பற்றி. பெரிய நிறுவனம் ஆயிரம் பார்சலில் நூறு திரும்பினாலும் தாங்கும். வீட்டுச் சமையலறையில் பத்துப் பாட்டில் ஊறுகாய் போட்டு அனுப்பும் ஒருவருக்கு மூன்று பாட்டில் திரும்பி வந்தால் அந்த வாரத்து லாபம் முழுவதும் கூரியர்காரருக்குப் போய்விடும்.

நடுவில் நிற்பவர் நம்பத் தகாதவரானால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 1906இல் பார்த்தது. அக்டோபர் 22, திங்கட்கிழமை, அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. பாரி, பின்னி இவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெரிய வெள்ளைக்கார வணிக நிறுவனம் அது. ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள், விதவைகள், கோயில் அறக்கட்டளைகள், வியாபாரிகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே பணம் போட்டிருந்தார்கள். கவிழ்ந்ததற்குக் காரணம் சென்னையில் மட்டும் இல்லை. லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியனின் நிறுவனம் சூதாட்டம் போன்ற முதலீடுகளில் மூழ்கியது. அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்த அலை சென்னையில் வந்து அடித்தது. மயிலாப்பூரில் சேமித்தவருக்கு மக்ஃபேடியன் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பணம் போனவர்களுக்கு அது முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் காயத்திலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நகரத்தார் முதலும் சேர, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொழிலைத் தொடங்கியது.

அர்பத்நாட்டை இங்கே நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் நேரில் பார்த்துக் கைகுலுக்கும் நடு ஆளுக்குப் பின்னால் நாம் பார்க்காத இன்னொரு நடு ஆள் இருக்கிறார் என்ற உண்மை அன்று விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. ஆன்லைன் பணத்திலும் அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. வியாபாரியின் கண்ணுக்குத் தெரிவது ஒரு செயலி. அதன் பின்னால் ஒரு வங்கி. அதன் பின்னால் வங்கிகளை இணைக்கும் தேசியக் கொடுப்பனவுக் கழகம். பக்கத்தில் வாங்குபவரின் வங்கி. 2020 மார்ச் 5 இரவு ரிசர்வ் வங்கி யெஸ் வங்கிக்குத் தடைக்கால ஆணை போட்டது. உடனே ஃபோன்பே நின்றுபோனது. ஃபோன்பேயில் எந்தத் தவறும் இல்லை, அது சாய்ந்திருந்த வங்கி யெஸ் வங்கி, அவ்வளவுதான். ஏறத்தாழ ஒரு நாளில் வேறொரு வங்கியின் துணையோடு சேவை மீண்டது. அந்த ஒரு நாளில் கல்லாப் பக்கம் நின்றிருந்த வியாபாரிக்கு யெஸ் வங்கியோடு தனக்கு ஒரு சம்பந்தம் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரி 31 அன்று, பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி புதிதாக வரவு வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. முதலில் பிப்ரவரி 29 என்று கெடு, பிறகு மார்ச் 15. கடையில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டை தொடர்ந்து வேலை செய்யும், ஆனால் வரவு அந்த வங்கிக் கணக்கில் விழுபவர்கள் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. இந்த நுணுக்கம் ஊர்க்கடை வரை போய்ச் சேர்வதற்குள் ஏகப்பட்ட வதந்திகள். தன் வரவு எந்தக் கணக்கில் விழுகிறது என்று முன்பே தெரிந்து வைத்திருந்தவர் அரை நாள் வேலையோடு தப்பித்தார். தெரியாதவர் வாரக்கணக்கில் அலைந்தார்.

கடன், டெபிட் அட்டைகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், சிறு வியாபாரிக்கு அது நெடுங்காலம் தொடர்பில்லாத கதை. 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் தொடங்கியபோது உணவகங்களிடம் 7 சதவீதம் பிடித்தார்கள். இந்தியாவுக்கு அந்த அட்டை 1961இல் வந்தது, வங்கி அட்டை 1980இல். இதில் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று. மணியார்டரிலும் வி.பி.பி.யிலும் கட்டணத்தைப் பணம் கொடுப்பவர் சுமந்தார். அட்டையில் அந்தச் சுமை வியாபாரியின் தோளுக்கு மாறியது. வாங்குபவருக்குக் கட்டணம் கண்ணில் படவே இல்லை. ஆகவே அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லாமல் போனது.

2000ஐ ஒட்டி வியாபாரிக்காக இணையத்தில் பணத்தை வாங்கிக் கொடுக்கும் பில்டெஸ்க், சிசிஅவென்யூ போன்ற கேட்வேக்கள் இந்தியாவில் வந்தன. தொடக்கக் கட்டணம், சொந்த இணையதளம், நிறுவனப் பதிவு என்று சிறியவர்களால் எட்ட முடியாத உயரத்தில் அவை இருந்தன. 2012இல் இன்ஸ்டாமோஜோ, 2014இல் ரேசர்பே என்று அடுத்த தலைமுறை வந்த பிறகுதான், இணையதளம் இல்லாதவர்கூட ஒரு பேமெண்ட் லிங்கை வாட்ஸாப்பில் அனுப்பிப் பணம் வாங்க முடிந்தது. இதற்கிடையே ரிசர்வ் வங்கி அதிகம் பேசப்படாத இரண்டு நல்ல காரியங்களைச் செய்தது. 2009 ஆகஸ்ட் முதல் இணையத்தில் அட்டை பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில், நடுவில் இருப்பவர்கள் வியாபாரியின் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, குறித்த நாட்களுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று விதித்தது. 2020 மார்ச்சில் அது இன்னும் இறுகியது. உரிமம் வேண்டும், குறைந்தபட்ச நிகர மதிப்பு வேண்டும், பணம் எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும் என்றார்கள். எஸ்க்ரோ கணக்கில் இருக்கும் பணத்தை நடுவில் இருக்கும் நிறுவனம் தன் பணமாக எடுத்துச் செலவழிக்க முடியாது. அர்பத்நாட்டில் பணம் போட்டவர்களுக்கு இல்லாமல்போன பாதுகாப்பு அது. கேட்வே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கமிஷனைக் கேட்பதற்கு முன், ரிசர்வ் வங்கியின் உரிமப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் அவசியம். அந்தப் பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே இருக்கிறது.

கடல் தாண்டிய வாடிக்கையாளர் உள்ளவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் தமிழர்களுக்குப் பொருள் அனுப்பியவர்களுக்குப் பேபால் ஒரு காலத்தில் ஒரே வாசலாக இருந்தது. 2011 மார்ச்சில் ஒரு பரிவர்த்தனைக்கு 500 டாலர் என்று உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டே அது 3,000 டாலராக உயர்ந்தது. 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள்ளான கொடுப்பனவுகளை அந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது. ஒவ்வொரு முறையும் முடிவு எடுத்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள், விலைப்பட்டியலைத் திருத்தி எழுதியவர்கள் இங்கே இருந்தார்கள்.

பிறகு யுபிஐ. 2008இல் உருவான தேசியக் கொடுப்பனவுக் கழகம், 2010 நவம்பரில் ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பணமாற்றத்தைத் தொடங்கியது. அதன் மேல் கட்டிய மாடிதான் 2016 ஏப்ரல் 11 அன்று ரகுராம் ராஜன் தொடங்கிவைத்த யுபிஐ. அதே ஆண்டு நவம்பர் 8இல் பணமதிப்பிழப்பு வந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஓர் இரவில் செல்லாமல் போனபோது, கையில் சில்லறை இல்லாத தேநீர்க்கடை வரை கியூஆர் அட்டை வந்து சேர்ந்தது. 2019 அக்டோபரில் மாதத்துக்கு 100 கோடிப் பரிவர்த்தனை. 2025 ஆகஸ்டில் மாதத்துக்கு 2,000 கோடியைத் தாண்டிவிட்டது. பத்து ஆண்டுக்குள் ஒரு தேசத்தின் கைப்பழக்கமே மாறிய இந்த வேகத்துக்கு உலகில் வெகுசில உதாரணங்களே உண்டு. இதில் நாம் பெருமைப்படலாம், நான் பெருமைப்படுகிறேன். உண்டியின் விரைவும் அஞ்சலகத்தின் பொதுமையும் ஒன்றாகக் கிடைத்தது இதில்தான். கீரைக்காரம்மாவுக்கும் நகைக்கடைக்கும் ஒரே பாதை, அதே சில நொடிகள். வியாபாரியின் கோணத்தில் அதைவிடப் பெரியது, நடுவில் பணம் தங்குவதே இல்லை என்பது. வாங்குபவரின் வங்கியிலிருந்து விற்பவரின் வங்கிக்கு நேரே போகிறது.

2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் வியாபாரியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு சட்டமாக்கியது. முதலில் அனுப்புபவர், பிறகு விற்பவர் என்று நகர்ந்த சுமை இப்போது வங்கிகளின் மேலும் அரசுக் கருவூலத்தின் மேலும் இருக்கிறது. 2024-25க்காக ஊக்கத்தொகையாக 1,500 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. இந்தச் செலவை யாராவது ஒருவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா 2025இல் வெளிப்படையாகவே பேசினார். ஆகவே இன்றைய இலவசத்தை நிரந்தரம் என்று எண்ணி விலைப்பட்டியல் போடுவது சரியல்ல. செயலி நடத்தும் நிறுவனங்களும் இதில் நேரடியாகச் சம்பாதிக்க முடியாததால் வேறு வழிகளில் சம்பாதிக்கின்றன. சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை, வியாபாரக் கடன், காப்பீடு. தினமும் கடையில் எவ்வளவு விழுகிறது என்பது அவர்களுக்கு நம்மைவிடத் துல்லியமாகத் தெரியும். அதை வைத்தே ‘உங்களுக்கு இரண்டு லட்சம் கடன் தயார்’ என்று அலைபேசியில் செய்தி வருகிறது. அந்தக் கடனுக்கான தவணையைத் தினசரி வரவிலிருந்தே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. வட்டியைக் கூட்டிப் பார்க்காமல் அதில் கையெழுத்திட வேண்டாம் என்று எல்லா வியாபாரிகளையும் கேட்டுக்கொள்வேன்.

இன்னொரு பக்கம், யுபிஐ பொதுப்பாதையாக இருந்தாலும் அதில் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் இரண்டு நிறுவனங்களுடையவை. ஃபோன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கின்றன. ஒரு செயலிக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2020இல் அறிவித்த வரம்பு திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், இப்போது 2026 இறுதி என்று நிற்கிறது. மூன்றாவதாக ஒரு வலுவான செயலி இல்லாத ஒவ்வோர் ஆண்டும் அந்த வரம்பை நடைமுறைப்படுத்துவது கடினமாகிக்கொண்டே போகும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓர் ஊறுகாய்ப் பெட்டியின் விலை 500 ரூபாய், அதில் நிற்கும் லாபம் 75 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்வே 2 சதவீதம் என்றால் 10 ரூபாய். அந்த 10 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 1 ரூபாய் 80 காசு. மொத்தம் 11 ரூபாய் 80 காசு. விலையோடு ஒப்பிட்டால் இரண்டே சொச்சம் சதவீதம், லாபத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 16 சதவீதம். கமிஷனை எப்போதும் லாபத்தின் பங்காகத்தான் பார்க்க வேண்டும். பழைய செட்டியார் கடைகளில் ஐந்தொகை போட்டவர்கள் இதை அப்படித்தான் பார்த்திருப்பார்கள். மறுபக்கம், கேட்வே இல்லாமல் நேரடியாக வாங்கினால், நாளொன்றுக்கு நாற்பது ஆர்டர் வரும்போது எந்த 500 ரூபாய் யாருடையது என்று வங்கிச் செய்தியையும் வாட்ஸாப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க மாலைப்பொழுது முழுவதும் போய்விடுகிறது. வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி அனுப்பிவிட முடியாது, போலி ஸ்க்ரீன்ஷாட் செய்து தரும் செயலிகளே உலவுகின்றன. பணம் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகே பார்சல் கட்ட வேண்டும். அந்த ஒப்பீட்டு வேலையைத்தான் கேட்வே 11 ரூபாய் 80 காசுக்குச் செய்து தருகிறது. நாளுக்கு ஐந்து ஆர்டர் உள்ளவருக்கு அது வீண் செலவு, நாற்பது உள்ளவருக்கு மலிவு. எங்கே மாறுவது என்பதை அவரவர் மாலைப்பொழுதின் மதிப்புதான் சொல்லும்.

கேட்வேயில் பணம் இரண்டொரு நாள் தங்கித்தான் வரும். சாதாரண நாளில் அது பெரிதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் அது உயிர்ப்பிரச்சினை. ஆர்டர் திடீரென்று பத்து மடங்கு கூடும்போது, நிறுவனத்தின் ஆபத்துக் கண்காணிப்பு இதைச் சந்தேகமாக எடுத்துக்கொண்டு பணத்தை நிறுத்திவைப்பது உண்டு. எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் முதல் போட்டுவிட்டு, கைக்கு வர வேண்டிய பணம் திரையில் மட்டும் தெரியும் நிலையில் ஒரு சிறு வியாபாரி என்ன செய்வார்? கந்துவட்டிக்குப் போவார். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே வரவு கூடும் என்று நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து வைப்பதும், அந்த மாதத்தில் ஒரு பங்கு வரவையாவது நேரடி யுபிஐ வழியில் வாங்குவதும் இந்த நெருக்கடியைத் தணிக்கும்.

நேரடி வழியிலும் அடைப்பு வரும் என்பது அண்மையில் தெரிந்துகொண்ட கசப்பு. யாரோ ஒருவர் இணைய மோசடியில் இழந்த பணம் கை மாறி மாறி வந்து, அதில் 300 ரூபாய்க்கு ஒருவர் நம் கடையில் சாப்பிட்டிருந்தால், வேறு மாநிலக் காவல்துறையின் கோரிக்கையின்பேரில் நம் வங்கிக் கணக்கு முழுவதும் முடங்கலாம். கேரளத்தில் சிறு உணவகக்காரர்களும் கடைக்காரர்களும் இப்படி மாட்டிக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். காவல்துறை குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும், கணக்கு முழுவதையும் அல்ல என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. தீர்ப்பு நியாயமானது. ஆனால் நீதிமன்றம் வரை போக முடியாதவர் செய்யக்கூடியது, கடை வரவுக்கென்று ஒரு கணக்கும் வீட்டுச் செலவுக்கும் சேமிப்புக்கும் வேறு வங்கியில் ஒரு கணக்கும் வைத்துக்கொண்டு, வரவை வாரம் ஒருமுறையாவது நகர்த்திவிடுவது.

கணக்கைப் பிரிக்க இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டின. முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேச வேண்டிவந்தது. அட்டையைக் கழற்றியவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரொக்கத்துக்கு ஓடுவது வழியல்ல. தங்கைக்குக் கல்யாணச் செலவுக்கு அண்ணன் அனுப்பியதும், சீட்டுப் பணமும், கடை வரவும் ஒரே கணக்கில் விழுந்தால், அதிகாரியின் கண்ணுக்கு எல்லாமே விற்றுமுதல்தான். பிரித்து வைத்திருந்தால் பதில் எழுதுவது எளிது. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்ற ஜிஎஸ்டி வரம்பு பலருக்குத் தெரியும். தெரியாதது வேறொன்று: வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு சிறியதானாலும் பதிவு வேண்டும் என்பதே பொது விதி. கைவினைப் பொருள்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மதுரையிலிருந்து ஓசூருக்கு அனுப்புபவருக்கும் அங்கிருந்து எல்லை தாண்டிப் பெங்களூருக்கு அனுப்புபவருக்கும் சட்டம் ஒன்றல்ல. ஆன்லைனில் விற்கத் தொடங்கும் நாளிலேயே ஒரு கணக்காளரிடம் உட்கார்ந்து இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆகவே என்னிடம் கேட்டால், தொடக்கத்தில் இருப்பவருக்கு நான் சொல்வது இதுதான். சொந்த வங்கியில் கடைப் பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட், அந்த வங்கியே தரும் கியூஆர். இன்னொரு வங்கியில் இரண்டாவது கியூஆர், அது மேசை டிராயரில் தயாராக இருக்கட்டும். 2025 மார்ச் 26லும் ஏப்ரல் 12லும் யுபிஐ நாடு முழுவதும் தடுமாறிய மாதிரியான நாளில் இரண்டுமே உதவாது, அன்றைக்குக் கல்லாவில் சில்லறையும் ஒரு பற்றுவரவு நோட்டும் இருந்தால் போதும். அறியாத ஊரிலிருந்து முதல் முறை வாங்குபவருக்கு முழுக் கேஷ் ஆன் டெலிவரி கொடுக்காமல், கூரியர் செலவையாவது முன்கூட்டி யுபிஐயில் வாங்கிக்கொண்டால் திரும்பிவரும் பார்சல் வெகுவாகக் குறையும். ஆர்டர் பெருகிய பின் கேட்வே. கேட்வே வைத்துக்கொண்டாலும் வாடிக்கையாளரின் பெயர், ஊர், அவர் என்ன வாங்கினார் என்ற பட்டியல் நம் நோட்டில் இருக்க வேண்டும், அவர்கள் திரையில் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு நாள் அந்த நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்தால் கூடவே எடுத்துச் செல்ல வேண்டிய சொத்து அது ஒன்றுதான்.

வியாபாரிகள் கவனமாக இருந்தால் மட்டும் இது தீராது. 1880இல் மணியார்டர் அனுப்பியவருக்குத் தகராறு என்றால் போய் நிற்க ஓர் அஞ்சலகமும் பேச ஒரு போஸ்ட்மாஸ்டரும் இருந்தார்கள். இன்று பணம் நின்றுபோனவருக்குக் கிடைப்பது தானாக வரும் ஒரு மின்னஞ்சலும் ஒரு புகார் எண்ணும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் பல பக்கம், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை மட்டும் எல்லோரும் அழுத்துகிறார்கள். எந்தக் காரணத்துக்குப் பணத்தை நிறுத்தலாம், எத்தனை நாள் நிறுத்தலாம் என்பது அந்தப் பக்கங்களுக்குள் புதைந்திருக்கிறது. உரிமம் கொடுக்கும் ரிசர்வ் வங்கி, அந்த உரிமத்தின் நிபந்தனையாகவே சிலவற்றைக் கேட்க முடியும். ஒப்பந்தத்தின் முக்கியப் பகுதிகள் வியாபாரியின் மொழியில் இருக்க வேண்டும். பணத்தை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில், ஒரே நாளுக்குள், தமிழில் சொல்ல வேண்டும். குறித்த கெடுவுக்குள் முடிவு எடுக்காவிட்டால் பணத்தை வட்டியோடு விடுவிக்க வேண்டும். கணக்கு முடக்கத்துக்கும் இப்படி ஒரு கெடு வேண்டும், சந்தேகத் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் முடக்கக் கூடாது என்பது நாடு முழுவதற்கும் விதியாக வேண்டும். யுபிஐக்குக் கட்டணம் என்றாவது வருமானால், அது ஒரு நிதியாண்டுக்கு முன்பே அறிவிக்கப்பட்டு, சிறு வியாபாரிகளுக்கு விலக்கோடு வர வேண்டும். மாநில அரசும் செய்யக்கூடியது உண்டு. மாவட்டத் தொழில் மையங்களில் வாரம் ஒரு நாள், இந்தக் கேள்விகளுக்கென்றே ஓர் அதிகாரியை உட்காரவைக்கலாம். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும், வங்கிக்குக் கடிதம் எழுதித் தரவும், ஜிஎஸ்டி விதியை விளக்கவும் ஒரு நாற்காலியும் ஓர் ஆளும் இருந்தால், அலைச்சலுக்கு அஞ்சி இணையப் பக்கமே வராமல் இருக்கும் பல பெண்கள் நாளைக்கே கடை திறப்பார்கள்.